இரண்டு கரண்டி எண்ணெய்

நீங்கள் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிகிறது. உதடு காய்ந்திருக்கிறது, கை அடிக்கடி வயிற்றுப் பக்கம் போகிறது. தப்பாக நினைக்காதீர்கள். காலமெல்லாம் அடுப்படியில் நின்றவனுக்கு எதிரே இருப்பவருடைய பசிதான் முதலில் கண்ணில் படும், சட்டையில் குத்தியிருக்கிற நட்சத்திரம் எல்லாம் அப்புறம்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்கிறீர்கள். உங்கள் இஷ்டம். வெறும் வயிற்றோடு கேட்கிற கதை இல்லை இது, அதற்காகத்தான் சொன்னேன்.

நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தப் பலகை. எங்கள் ஹோட்டலில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறதே, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் இத்தனை கலோரி என்று சாக்பீஸால் எழுதியிருக்கிற கரும்பலகை, அதுதான். மாட்டியவன் என் தம்பி. அதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. ஹோட்டலின் நடுவே ஓர் ஆடுகதவு இருக்கிறது. அந்தப் பக்கம் மேஜை, நாற்காலி, கல்லா, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இந்தப் பக்கம் அடுப்பு, புகை, வியர்வை எல்லாம் என் பொறுப்பு. வேலைக்காரர்கள் அவனைச் சின்னவர் என்பார்கள், என்னை மாஸ்டர் என்பார்கள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதில்லை, நானும் வெளியே போவதில்லை.

ஹோட்டலை ஆரம்பித்தவர் அப்பா. சமையலில் அவர் கைப்பக்குவம் ஊரறிந்தது. கோபத்துக்கும் அதே கைதான். அவரிடம் ஓர் இரும்புக் கரண்டி இருந்தது. ஆழமான குழி, முழங்கை நீளத்துக்குக் காம்பு. அதால்தான் எண்ணெய் ஊற்றுவார், அதால்தான் எங்களை அடிப்பார். எங்களை என்று சொன்னது தப்பு, என்னை. என் இடது புருவத்தைப் பாருங்கள், முடி முளைக்காத இடம் அந்தக் கரண்டியின் விளிம்பு. முதுகிலும் உண்டு, அதை இப்போது காட்ட வேண்டியதில்லை. தம்பி உடம்பில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை. அவன்மேல் விழ வேண்டியதையும் நான் குறுக்கே போய் வாங்கிக்கொண்டேன். அதை ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை.

அப்பா அடுப்புக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எல்லாரும் அவரைப் பார்த்து ஓடினார்கள். நான் அவர் கையிலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனேன். வெங்காயம் கருகப் போகிறது, யாராவது கிளற வேண்டுமே. அன்றிலிருந்து அந்தக் கரண்டி என் கையில்தான் இருந்தது.

அடுப்படியை நடத்துவது லேசு இல்லை. கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். காய் நறுக்குகிறவன் ஒருத்தன், என் வயசுக்காரன்தான், அடுத்தடுத்து இரண்டு தடவை உப்பைக் கூட்டிவிட்டான். அவன் கையைப் பிடித்துத் தீயின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கத்தினான், உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. மருந்து போட்டுவிட்டவனும் நான்தான். அதற்குப் பிறகு ஒருநாளும் உப்பு கூடவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் வெறுப்பில் யாரையும் தொடுகிறவன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

போன வருஷம் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே மேஜைமேல் கவிழ்ந்துவிட்டான். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நான்தான் ஓடினேன். ரத்தக் குழாயில் அடைப்பு என்று உள்ளே ஏதோ வைத்து அனுப்பினார்கள். இனிமேல் வாயைக் கட்ட வேண்டும், எண்ணெயும் கொழுப்பும் ஆகவே ஆகாது, இன்னொரு தடவை வந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனவன் வேறு ஆளாகத் திரும்பி வந்தான். எந்நேரமும் கலோரிப் பேச்சுத்தான். ஒருநாள் ஆடுகதவைப் பாதி திறந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, பலகையில எல்லாத்துக்கும் கலோரி எழுதிப் போட்டுடலாம்னு இருக்கேன். என்ன உள்ள போகுதுன்னு தெரியாமத்தானே அப்பா போனாரு, நானும் பாதி தூரம் போயிட்டு வந்தேன். சாப்பிடுறவன் தெரிஞ்சு சாப்பிடட்டுமே."

"ஹோட்டலுக்கு வர்றவன் கொஞ்ச நேரம் எல்லாத்தையும் மறந்துட்டுச் சாப்பிடத்தான் வர்றான். அவன் தட்டுப் பக்கத்துல ஒரு போலீஸ்காரன நிக்க வைக்கணும்ங்கிற நீ" என்றேன். மன்னிக்க வேண்டும், அன்றைக்கு வாய்க்கு வந்த உதாரணம் அது, உங்களைச் சொல்லவில்லை.

அவன் சிரித்தான். "எண்ணெய் ஊத்துறது உன் வேல, எண் போடுறது என் வேல. எண்ணெய்க்குள்ளயே எண் இருக்குண்ணே, எழுதிப் பாரு."

அவனுக்குப் பேசத் தெரியும். எனக்குச் சமைக்கத் தெரியும். ஆனாலும் நான் சொன்னதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். மெஷினில் செய்கிற பிஸ்கட்டுக்கு எண் போடலாம், ஒன்று எப்படியோ நூறும் அப்படி. கையால் செய்கிற சாப்பாடு ஒரு தட்டுக்கு ஒரு தட்டு மாறும். அதற்கு எண் போடுவது சமைக்கிறவனை நம்பவில்லை என்று ஊருக்கெல்லாம் எழுதி மாட்டுவதுதான்.

சில நாள் கழித்துத் தராசோடு ஒரு பெண் வந்தாள். உணவு, சத்து இதையெல்லாம் படித்தவளாம். அடுப்படியில் எல்லாரும் அவளைத் தராசம்மா என்றோம், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோழியை நிறுத்தாள், காயை நிறுத்தாள், சோற்றை நிறுத்தாள். அடுப்புப் பக்கம் மட்டும் நான் யாரையும் விடுவதில்லை. அதனால் ஆடுகதவுக்கு அருகில் நின்று கேட்டாள்.

"மாஸ்டர், ஒரு தட்டுக் காய் வதக்கலுக்கு எண்ணெய் எவ்வளவு போடுவீங்க?"

"ரெண்டு கரண்டி."

அதுதான் உண்மை. அப்பா காலத்திலிருந்து இரண்டு கரண்டிதான். அவள் என்ன செய்தாள் என்றால், பரிமாறுகிற மேஜையில் கிடந்த ஒரு கரண்டியை எடுத்து, அதில் இரண்டு தடவை எண்ணெய் மொண்டு தராசில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்தக் கரண்டி மூன்று தடவை நிறைத்து ஊற்றினால்தான் அப்பா கரண்டி நிறையும். நான் அடுப்பில் நின்றபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எந்தக் கரண்டி என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னேன்.

பலகை வந்தது. காய் வதக்கலுக்கு நேரே நானூறு என்று எழுதியிருந்தது. இருப்பதிலேயே அதுதான் குறைவு. ஆடுகதவின் வட்டக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் பலகையைப் பார்த்தாள், பிறகு மகளுடைய தட்டைப் பார்த்தாள். அந்தப் பெண் கையில் எடுத்ததைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். வாடகைக் கார் ஓட்டுகிற பெரியவர் ஒருத்தர், சர்க்கரை வியாதிக்காரர், பலகையைக் கும்பிடாத குறையாகத் தம்பியிடம் நன்றி சொன்னார். "இப்பத்தான் தம்பி பயமில்லாம சாப்பிடுறேன்" என்று தினமும் காய் வதக்கல் வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றுபோயிற்று. வேறு பக்கம் கார் ஓட்டுகிறார் போலிருக்கிறது.

தம்பியும் மதியம், ராத்திரி இரண்டு வேளையும் அதையேதான் சாப்பிட்டான். பலகையைப் பார்ப்பான், மனதுக்குள் கூட்டுவான், இதோடு போதும் என்று எழுந்துவிடுவான். அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவன் தட்டுக்கு மட்டும் இரண்டு கரண்டிக்கு மேல் இன்னும் கொஞ்சம் விடுவேன். எனக்கு மனசு கேட்காது, என் தம்பி இல்லையா. தட்டைத் துடைத்து வைத்த மாதிரி அனுப்புவான். "அண்ணே, வெறும் காய எப்படிண்ணே இவ்வளவு ருசியா பண்ற?" என்று ஒருதரம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான். எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

உடம்பு மட்டும் தேறவில்லை. முகம் ஊதிற்று, கணுக்கால் வீங்கிற்று. கல்லாவிலிருந்து வாசலுக்குப் போய் வருவதற்குள் நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைத்தது. டாக்டர் அவனை வாங்கு வாங்கு என்று வாங்கினாராம். சத்தியமாக அளந்துதான் சாப்பிடுகிறேன் என்று இவன் அழாக்குறையாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. தம்பி மனைவி ஒருநாள் காலையில் அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"மாமா, இவரு வெளிய எங்கயோ திருட்டுத்தனமா தின்னுட்டு வர்றாரு. பை, சட்டப்பை எல்லாம் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் சிக்கல. இப்படியே போனா இவரு மிஞ்ச மாட்டாருன்னு டாக்டர் என்னத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"அழாதம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் போன பிறகு வாணலியை அடுப்பில் வைத்தேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமாதிரி பார்க்கிறீர்கள். தெரிந்தும் ஏன் ஊற்றினாய் என்பதுதானே கேள்வி. பலகை பொய் சொல்கிறது என்று நான் வாயால் சொன்னால் அவன் கேட்க மாட்டான். படித்தவள் நிறுத்துக் கொடுத்த எண் பெரிதா, நான் பெரிதா? அவன் உடம்பு சொன்னால் கேட்பான். உடம்புக்கு முடியாமல் போகப் போக, இந்த எண்ணில் ஏதோ கோளாறு என்று அவனுக்கே உறைக்கும், பலகையைக் கழற்றிவிடுவான், பழையபடி ஆகிவிடுவோம் என்று காத்திருந்தேன். பொறுமையாகத்தான் காத்திருந்தேன். என் கை அளவை மாற்றுவது என்கிற பேச்சுக்கே இடமில்லை. அது அப்பா அளவு.

போன வாரம் கண்ணாடி போட்ட ஓர் ஆள் சாப்பிட வந்தான். காய் வதக்கல் வாங்கி, தட்டைச் சாய்த்து, "என்ன இது, நானூறுன்னு போட்டுட்டு எண்ணெய் குளம் கட்டி நிக்குது" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். தம்பியைத் தூக்க ஓடிய அந்த நாளை விட்டால், அன்றைக்குத்தான் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். அவன் பின்னந்தலையைப் பிடித்து முகத்தைத் தட்டில் அழுத்தினேன். தட்டு உடைந்தது, உதடு கிழிந்தது. கண்ணாடி ஒரு பக்கமும் பல் ஒன்று ஒரு பக்கமும் கிடந்தன. பல்லைத் தேடி எடுத்துக் காகிதத்தில் மடித்து அவன் கையில் கொடுத்தவன் நான்தான். தம்பி அந்த ஆளிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். உடைந்த தட்டைக் குனிந்து பொறுக்கியவன், அதில் வழிந்த எண்ணெயைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மதியக் கூட்டம் ஓய்ந்து, வேலைக்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். நான் மாலைக்கான சூப்பை அடுப்பில் ஏற்றியிருந்தேன். பக்கத்து அடுப்பில் பொரிக்கிற எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் பரிமாறுகிற கரண்டி. என்னை ஒன்றும் கேட்காமல் ஆணியிலிருந்து அப்பா கரண்டியை எடுத்தான். எண்ணெய் டின்னிலிருந்து சின்னக் கரண்டியால் மொண்டு அதில் ஊற்றினான். ஒன்று. இரண்டு. மூன்று ஊற்றிய பிறகுதான் நிறைந்தது.

வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"நானூறு இல்லண்ணே, ஆயிரத்துக்குப் பக்கம் வருது" என்றான். "உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு கரண்டின்னு சொன்னேன். எந்தக் கரண்டின்னு அவ கேக்கல."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகம் சுண்டிப்போயிற்று, அவ்வளவுதான். "என் பொண்டாட்டிகூட என்ன நம்பலண்ணே. திருட்டுப்பய மாதிரி என் பைய எல்லாம் தேடினா. எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு, தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கிறனோன்னு" என்றான். கரண்டியிலிருந்த எண்ணெயை டின்னில் திரும்ப ஊற்றினான், ஒரு சொட்டு கீழே சிந்தாமல். "நாளையிலேருந்து நீ அடுப்புல நிக்க வேணாம். இந்தக் கரண்டியும் வேணாம். இப்பவே போயி பலகையில சரியான எண்ணப் போட்டுடுறேன்."

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எழுந்திருக்கப் போனவன் திரும்ப உட்கார்ந்தான்.

"நீ என்னக் கொல்லப் பாத்தியாண்ணே?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சின்ன வயதில், அப்பா தூங்கிவிட்டாரா என்று கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கேட்பானே, அதே குரல். உங்களுக்கு ஒரு தம்பி இருந்தால் புரியும். அவனுக்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறேன். எத்தனை வருஷம் என் கையால் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி. எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது.

அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். பிடுங்கவில்லை, கையை நீட்டினேன், கொடுத்தான். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. மூட்டையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொல்லு, நான் உன்னக் கொல்லப் பாத்தேனா?" என்று கேட்டேன். "அண்ணே" என்றான். அது பதில் இல்லை. அடுத்த அடியைக் கையால் தடுத்தான், மணிக்கட்டு முறிகிற சத்தம் கேட்டது. மறுபடி கேட்டேன். அதற்கடுத்த அடி வாயில் விழுந்தது, தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. தவழ்ந்துகொண்டே போய் அடுப்பின் காலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். காய்ந்த எண்ணெய் சட்டியோடு அவன்மேல் கவிழ்ந்தது. அதை நான் செய்யவில்லை, தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டு, பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் அடித்தேன். ஏதோ முனகினான், என்ன சொன்னான் என்று விளங்கவில்லை.

எத்தனை அடி என்கிறீர்கள். எண்ணவில்லை. எண்ணுவது என் வழக்கம் இல்லை, இத்தனை சண்டையும் அதற்குத்தானே.

அவன் அடங்கிய பிறகு முதலில் சூப்பின் தீயைக் குறைத்தேன், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அடிப்பிடித்திருக்கும். அவனைக் குளிர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மாவுச் சாக்கை மடித்து வைத்தேன். அதே தோள்தான், ஆனால் போன வருஷத்தைவிட நல்ல கனம். தரையைச் சோடாப்பொடி போட்டு வெந்நீரில் கழுவினேன். கரண்டியையும் கழுவி ஆணியில் மாட்டினேன். காய் நறுக்குகிறவன் திரும்பி வந்து, ஈரத் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கத்தியை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். அவன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

மாலைக் கூட்டம் நன்றாகவே வந்தது. தம்பி வெளியே போயிருக்கிறான் என்று சொன்னதும் அவன் மனைவி வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதுவும் முகத்திலேயே தெரிந்தது. ஒரு தட்டுக் காய் வதக்கல் செய்து நானே கொண்டுபோய் வைத்தேன். முழுவதும் சாப்பிட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு மாமா. அவரு வந்தா அவருக்கும் இதையே குடுங்க. நானூறுதானே" என்றாள்.

"சரிம்மா" என்றேன். பிறகு தேநீருக்குப் பால் எடுக்கக் குளிர் அறைக்கு நானே போயிருக்க வேண்டும். அவள் போய்விட்டாள். அவள் போட்ட சத்தத்துக்கு வாடிக்கையாளர்கள் எல்லாம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். எங்கள் ஹோட்டலில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

அவனை அறுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் மறுபடி பெரிய அடைப்பு, இன்னும் சில மாதம்கூடத் தாங்கியிருக்காது என்று எழுதியிருக்கிறார் என்றீர்கள். பார்த்தீர்களா, அந்தப் பலகை எவ்வளவு பெரிய பொய் என்று. ஆரம்பத்திலேயே நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். அடித்தது நான்தான், அதில் எந்த மறைப்பும் இல்லை. ஆனால் கொல்லப் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அந்தப் பழிக்குத்தான் இவ்வளவும் நடந்தது. "இல்லண்ணே" என்று வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும், அந்த நிமிஷமே கரண்டியைக் கீழே வைத்திருப்பேன்.